அருங்காட்சியகப் பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பெரிய பிள்ளைகள் தங்கள் கையாலேயே பொருள்களைச் செய்து பார்க்கும் மேக்கர்ஸ்பேஸ் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள். அல்லது அருங்காட்சியகத்தில் ஒரு அறையை ஒதுக்கி, "இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எதுவானாலும், 9 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் ரம்பமும் திருப்புளியும் மோட்டாருமாக உட்காரும் ஓர் இடத்துக்கு நீங்கள் இப்போது பொறுப்பு. முதல் சில வாரங்களில் எதை எந்த வரிசையில் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். பட்டறை என்றே சொல்கிறேன், மேக்கர்ஸ்பேஸ் என்று ஒவ்வொரு முறையும் எழுத அலுப்பாக இருக்கிறது.

முதலில் என் முதல் வாரக் கதை. 11 வயது இருக்கும் ஒரு பெண், அட்டையில் செம்பு டேப்பை ஒட்டி, ஒரு எல்.இ.டி. விளக்கை எரிய வைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, விளக்கின் கால்கள் மாறியிருந்தன. "இப்படிக் கொடும்மா" என்று வாங்கித் திருப்பி வைத்தேன். 10 நொடிகூட ஆகவில்லை, எரிந்தது. "தேங்க்ஸ் அண்ணா" என்றாள். அட்டையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மாலையில் அறையைக் கூட்டும்போதும் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதை எரிய வைத்தது நான். அப்புறம் அவள் ஏன் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்? கீழே சொல்லும் படிகள் எல்லாமே, அந்த 10 நொடியை நாம் பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான்.

திறப்பதற்கு முன்: நீங்களே மூன்று முறை செய்யுங்கள்

பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் வேலையை, அவர்களுக்குக் கொடுக்கப்போகும் அதே பொருளை வைத்துச் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் நல்ல கத்தரியை வைத்துச் செய்து பார்த்துவிட்டு, அங்கே மழுங்கின கத்தரியைக் கொடுத்தால் கணக்கு தப்பிவிடும். இரண்டாவது முறை வேண்டுமென்றே தப்பாகச் செய்யுங்கள். ஒயரை மாற்றி இணையுங்கள், பசையை அதிகமாக விடுங்கள், ஆணியைக் கோணலாக அடியுங்கள். நாளைக்கு மேசையில் நடக்கப்போவது இதுதான். எந்தத் தப்பு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகியிருந்தால் பதற மாட்டீர்கள். மூன்றாவது முறை, இதைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பாருங்கள். உங்கள் விளக்கத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று 5 நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறையை அடுக்குவது

மேசையின் உயரம் பிள்ளையின் முழங்கைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் ரம்பத்தைத் தோளிலிருந்து அழுத்துவார்கள், கை நழுவும். எல்லா வயதுக்கும் ஒரே மேசைதான் என்றால் ஏறி நிற்க ஆடாத பலகை வையுங்கள். அறுப்பது, துளையிடுவது எல்லாம் ஒரு மூலையில். சூடான வேலை, அதாவது க்ளூ கன்னும் (பசையை உருக்கி விடும் கருவி) சால்டரிங்கும் (உலோகக் கம்பியை உருக்கி ஒயர்களை இணைப்பது), சுவரோரமாக, பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில். நடக்கும் வழியில் ஒரு ஒயர்கூடத் தரையில் ஓடக் கூடாது.

கருவிகளைப் பெட்டிக்குள் போடாமல் பலகையில் மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு வரைந்துவிடுங்கள். குறடு எங்கே என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, எது காணவில்லை என்று நீங்களும் தேட வேண்டியதில்லை. வெற்றுக் கோடு தானாகவே காட்டிக்கொடுக்கும்.

மாதிரிப் பொருள் வைப்பதில் ஒரு சங்கதி. அழகாக முடித்த ஒரே ஒரு மாதிரியை வைத்தீர்கள் என்றால் அன்றைக்கு அதே போல 20 கிடைக்கும், கூடவே "எனக்கு அப்படி வரவில்லை" என்று 5 முகங்கள் வாடும். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத மூன்று மாதிரிகளை வையுங்கள். ஒன்று பாதியில் நிற்கட்டும். ஒன்று அசிங்கமாகவே இருக்கட்டும், ஆனால் ஓடட்டும்.

அறைக்கு வெளியிலிருந்து உள்ளே நடப்பது தெரிகிறதா என்றும் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1969இல் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கிய இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் (அணுகுண்டை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை நடத்திய ராபர்ட்டின் தம்பி, இடையில் சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர்), காட்சிப் பொருள்களைச் செய்யும் பட்டறையையே பார்வையாளர்கள் பார்க்கும்படி திறந்து வைத்தார். மரத்தூளும் பாதி வேலையும் கண்ணில் படுவதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. 12 வயதுப் பையன் பெயர்ப்பலகையைப் படித்து உள்ளே வருவதில்லை, சத்தம் கேட்டுத்தான் வருகிறான்.

கருவிகளைக் கையில் கொடுக்கும் வரிசை

எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிக் கொடுக்க ஆசை வரும். வேண்டாம். அன்றைய வேலைக்குத் தேவையான இரண்டு கருவி போதும். பாதுகாப்பு விதிகளை முதலிலேயே ஒப்பிக்காமல், அந்தக் கருவியைக் கையில் எடுக்கும் நேரத்தில் சொல்லுங்கள். அப்போதுதான் மனதில் நிற்கும்.

ரம்பம், டிரில் இரண்டுக்கும் முதல் விதி ஒன்றுதான். பொருளைக் கையால் பிடிக்காதே, கிளாம்ப் (மேசையோடு சேர்த்து இறுக்கும் கவ்வி) போடு. அறுக்கும்போது முதல் இரண்டு மூன்று இழுப்பு ரம்பத்தின் பல் மரத்தைக் கடிப்பதற்காக மட்டும், மெதுவாக, அழுத்தாமல். பிள்ளைகள் பலத்தைக் காட்டத்தான் பார்ப்பார்கள். "ரம்பம் தன் பாட்டுக்கு அறுக்கும், நீ நேராக ஓட்டினால் போதும்" என்று சொல்லுங்கள்.

டிரில் பிடிக்கும்போது கையுறை போடக் கூடாது. பாதுகாப்புக்குத்தானே போடுகிறோம் என்று தோன்றும். ஆனால் சுற்றும் முனை துணியைப் பற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். தொங்கும் துப்பட்டா, கட்டாத கூந்தல், நீளமான கை உள்ள சட்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பெரியவர்கள் மறந்துவிடுவார்கள். என்னுடையது இரண்டு முறை டிரில்லுக்குப் பக்கம் போயிருக்கிறது. இப்போது உள்ளே நுழைந்ததும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிடுவேன்.

பாதுகாப்புக் கண்ணாடி அறுப்பதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒயரின் நுனியைக் குறட்டால் வெட்டும்போது அந்தச் சிறு துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடியை நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நெற்றியில் ஏற்றி வைத்திருந்தால் பிள்ளைகளும் அங்கேதான் வைப்பார்கள்.

க்ளூ கன்னில் குறைந்த வெப்ப வகையை வாங்குங்கள். அது கிட்டத்தட்ட 120 டிகிரியில் உருக்கும், மற்றது 190 வரைக்கும் போகும். இரண்டும் சுடும், ஆனால் சுடுவதில் வித்தியாசம் இருக்கிறது. சூடான பசை தோலில் பட்டால் பிள்ளை உடனே அதைப் பிய்க்கப் பார்க்கும். பிய்க்கவிடாமல், பசையோடு சேர்த்துக் குழாய் நீரில் பிடிக்க வைத்து, 20 நிமிடம் ஓடும் நீரிலேயே வைத்திருங்கள். 20 நிமிடம் ரொம்ப நீளம், பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுங்கள்.

சால்டரிங்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 3 மணி நேரமாவது வேறு வேலைகளில் கை பழகிய பிள்ளைகளுக்கு, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பேராக, ஈயம் கலக்காத சால்டர் கம்பியை வைத்து, புகையை முகத்திலிருந்து விலக்க ஒரு சின்ன மின்விசிறியோடு. சால்டரிங் இரும்பின் நுனி 350 டிகிரி சூட்டில் இருக்கும். சொல்ல வேண்டிய சூட்சுமம் ஒன்றுதான். கம்பியை இரும்பில் உருக்காதே, இணைப்பைச் சூடாக்கு, இணைப்பே கம்பியை உருக்கட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் வெளியே போகக் கூடாது.

இத்தனையும் நடக்க, கைக்கருவி வேலையில் 6 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது வேண்டும் என்பது என் கணக்கு. ஆள் குறைந்தால் கருவியைக் குறையுங்கள்.

முதல் வேலை: கிறுக்கும் இயந்திரம்

எங்கே தொடங்குவது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். எக்ஸ்ப்ளோரடோரியத்தில் இருக்கும் டிங்கரிங் ஸ்டுடியோ என்ற பட்டறைக்காரர்கள் இதை வைத்து நிறைய வேலை செய்திருக்கிறார்கள். வேண்டியவை: ஒரு பிளாஸ்டிக் கப், மூன்று ஸ்கெட்ச் பேனா, பொம்மைகளில் வரும் சின்ன மோட்டார், ஒரு ஏஏ பேட்டரி, மாஸ்கிங் டேப், க்ளூ கன்னுக்குப் போடும் பசைக் குச்சியில் ஒரு துண்டு, பெரிய தாள்.

கப்பைக் கவிழ்த்து, பேனாக்களைக் கால்கள் மாதிரி டேப்பால் ஒட்டுகிறோம். கப்பின் மேல் மோட்டார், அதன் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பசைக் குச்சித் துண்டை அந்த அச்சில் குத்த வேண்டும், நடுவில் அல்ல, ஓரமாக. இங்கேதான் எல்லாமே இருக்கிறது. நடுவில் குத்தினால் மோட்டார் அமைதியாகச் சுற்றும், கப் அசையாது. ஓரமாகக் குத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த எடை கப்பை ஒரு பக்கம் இழுத்து, அடுத்த பக்கம் இழுத்து, மொத்தமும் உதறிக்கொண்டு தாளில் நடக்கும், நடந்த இடமெல்லாம் வண்ணக் கோடு விழும். பழைய கைபேசிகள் அதிர்ந்ததும் இதே வித்தைதான்.

முதல் தடவை கப் உதறிப் புறப்படும்போது மேசையே கத்தும். அதற்கு அப்புறம்தான் உண்மையான வேலை. ஒருத்தி பேட்டரியைத் திருப்பிப் போடுவாள், சுற்றும் திசை மாறும். ஒருவன் ஒரு பேனாவை மட்டும் நீளமாக வைப்பான், வட்டம் வட்டமாக வரும். இன்னொருவன் எடையைப் பெரிதாக்குவான், இயந்திரம் மேசையை விட்டுக் குதிக்கும். "எது சரி அண்ணா?" என்று கேட்பார்கள். சரி என்று ஒன்று கிடையாது என்பதுதான் இந்த வேலையின் அழகு. உங்களுக்கும் திருத்திக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

பழுதாவது பெரும்பாலும் மூன்று இடங்களில். மோட்டாரை ஒட்டும்போது பசை அச்சுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒயரின் நுனி பேட்டரியின் முனையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். அல்லது பேட்டரியே தீர்ந்திருக்கும். பேட்டரி சூடாகிறது என்று யாராவது சொன்னால் உடனே கழற்றச் சொல்லுங்கள். இரண்டு ஒயரும் மோட்டார் வழியாகப் போகாமல் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

அடுத்த வேலையாக எல்.இ.டி.யையும் 3 வோல்ட் பட்டன் பேட்டரியையும் எடுத்துக்கொள்ளலாம். நீளமான கால் பிளஸ், இரண்டு காலுக்கும் நடுவில் பேட்டரியைச் செருகினால் எரியும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரே பேட்டரியில் சிவப்பையும் நீலத்தையும் சேர்த்துச் செருகுவார்கள். சிவப்பு எரியும், நீலம் செத்துக்கிடக்கும். நீலத்தைத் தனியாகப் போட்டால் நன்றாக எரியும். பட்டறையில் எனக்குப் பிடித்த கணம் இது. சிவப்பு விளக்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வோல்ட் பக்கத்தில் வேண்டும். சேர்த்துப் போட்டால் சிவப்பு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு, வோல்ட்டேஜைத் தன் மட்டத்துக்கு இறக்கிவிடுகிறது. இதை உடனே சொல்லிவிடாதீர்கள். பச்சை, மஞ்சள், வெள்ளை எல்லாம் எடுத்துக் கொடுத்து, எது எதோடு சேர்ந்து எரிகிறது என்று அவர்களையே பட்டியல் போடச் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால்

பக்கத்தில் போய் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்தால் வாத்தியார் ஆகிவிடுவீர்கள். கையைக் கட்டிக்கொள்ளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே கட்டிக்கொள்ளுங்கள். நம் கை தானாக நீளும்.

"என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஓடவில்லை" என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். "எது வரைக்கும் ஓடுகிறது?" என்று கேளுங்கள். பேட்டரி நன்றாக இருக்கிறதா, எப்படித் தெரியும்? வேறு மோட்டாரில் போட்டுப் பார்ப்போமா? ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருளை மாற்றிப் பார்ப்பது என்ற பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பழுதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே அதே சிக்கல் வந்து தீர்ந்திருந்தால், அங்கே அனுப்பிவிடுங்கள். நம்மைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

கையால் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் பொருளில் காட்டுங்கள். அதற்காகவே எனக்கென்று ஓர் அரைகுறை இயந்திரம் எப்போதும் மேசையில் கிடக்கும். அதில் செய்து காட்டுவேன், பிரித்துவிடுவேன், அவர்கள் தங்களுடையதில் செய்துகொள்வார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் இதெல்லாம் கிடையாது. ரம்பத்தின் பாதையில் விரல் இருந்தால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். "நிறுத்து" என்று ஒரே சொல், உரக்க. அந்தச் சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தோற்பது பெரிய விஷயம். 5 வயதுக் குழந்தை கோபுரம் சரிந்தால் சிரிக்கும். 12 வயதில் சுற்றியிருப்பவர்கள் பார்க்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். "பரவாயில்லை, சூப்பரா வந்திருக்கு" என்று பொய்யாகப் பாராட்டினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். "இந்தக் கால் மட்டும் ஏன் வழுக்குகிறது?" என்று அந்தப் பொருளைப் பற்றிப் பேசுங்கள், அவர்களைப் பற்றிப் பேசாதீர்கள்.

பெற்றோர்

பிள்ளையைவிட அப்பாவுக்கு ஆசை அதிகமாக இருக்கும் நாட்கள் உண்டு. மெல்ல மெல்லக் கப் அப்பா பக்கம் நகரும், பிள்ளை நாற்காலியில் சாய்ந்துவிடும். "பிள்ளை செய்யட்டும் சார்" என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும். அதற்குப் பதில் இன்னொரு கப், இன்னொரு மோட்டார் கொண்டுவந்து அவர் முன்னால் வையுங்கள். "நீங்களும் ஒன்று செய்யுங்களேன்" போதும். கொஞ்ச நேரத்தில் அவரும் எடையை நடுவில் குத்திவிட்டு முழிப்பார், பிள்ளை சொல்லிக் கொடுக்கும்.

பெரிய இயந்திரங்கள்

3டி பிரிண்டர் (பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் பொருளை எழுப்பும் இயந்திரம்) இல்லாமல் மேக்கர்ஸ்பேஸா என்று மேலிடத்தில் கேட்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். ஓர் அடுக்கு 0.2 மில்லிமீட்டர் என்றால் 20 மில்லிமீட்டர் உயரப் பொம்மைக்கு 100 அடுக்கு. அருங்காட்சியகம் பார்க்க வந்த பிள்ளை உங்களிடம் இருப்பதே அரை மணி நேரம், அதற்குள் முடியும் என்று சொல்ல முடியாது. தொடர்ந்து பல நாள் வரும் குழுவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முனை 200 டிகிரி சூட்டில் இருக்கும், மூடி இல்லாத இயந்திரம் என்றால் கை எட்டாத இடத்தில் வையுங்கள். ஒளிக்கற்றையால் சுட்டு வெட்டும் லேசர் கட்டரைப் பெரியவர்கள்தான் இயக்க வேண்டும். என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத எதையும் அதில் வைக்காதீர்கள். பி.வி.சி.யாக இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும்.

காட்சிக்கூடத்தை மறந்துவிடாதீர்கள்

பள்ளிக்கூடத்தில் இருக்கும் பட்டறையிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பத்தடி நடந்தால் யாரோ கையால் செய்த பொருள்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. வேலையைத் தொடங்குமுன் 10 நிமிடம் அங்கே கூட்டிப்போங்கள். பழைய பூட்டு, தறி, சாவி கொடுத்தால் ஆடும் பொம்மை, எதுவானாலும் சரி. வரலாறு சொல்ல வேண்டாம். "இதைச் செய்தவர் எந்த இடத்தில் முதலில் தப்பு பண்ணியிருப்பார்?" என்று மட்டும் கேளுங்கள்.

ஆடும் பொம்மையைப் பார்த்துவிட்டு வந்தால் அட்டைப் பெட்டியிலேயே அதைச் செய்யலாம். பெட்டியின் குறுக்கே ஒரு குச்சி, அதில் வட்டமாக வெட்டிய தடித்த அட்டை, அதன் மேல் ஒரு பக்கமாகத் தள்ளி உட்காரும் இன்னொரு தட்டு, தட்டிலிருந்து பெட்டிக்கு மேலே எழும் குச்சியில் பொம்மை. வட்டத்தின் நடுவில் துளை போட்டால் பொம்மை திரும்ப மட்டும் செய்யும். துளையை ஓரத்துக்குத் தள்ளினால் ஏறி இறங்கவும் செய்யும். கிறுக்கும் இயந்திரத்தில் எடையை ஓரமாகக் குத்திய பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

முடிக்கும் நேரம்

மோட்டாரை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா கூடாதா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் அழுகைதான். முடிய 10 நிமிடம் இருக்கும்போது ஒரு குரல் கொடுங்கள். முடிக்காத வேலைக்கு ஒரு அலமாரி ஒதுக்கி, பெயரின் முதல் எழுத்தும் தேதியும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வராதவர்களும் உண்டு. ஒரு மாதம் கழித்துப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் போன பிறகு கருவிப் பலகையைப் பாருங்கள், வெற்றுக் கோடு இருக்கிறதா என்று. க்ளூ கன், இரும்பு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். தீர்ந்த பட்டன் பேட்டரிகளின் இரு பக்கமும் டேப் ஒட்டித் தனி டப்பாவில் போடுங்கள். வேலை நடக்கும்போது அடுத்த மேசையில் அண்ணனோடு வந்த குட்டித் தம்பிகளும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பட்டன் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகத் தொடங்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைதான், காத்திருந்து பார்ப்பது கிடையாது. அதனால் காலையில் எத்தனை எடுத்து வைத்தீர்கள் என்று எழுதி வைத்து, மாலையில் எண்ணுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதையும் சேர்த்துக் கணக்கு ஒத்துவர வேண்டும். ஒன்று குறைந்தால் மேசைக்கு அடியில், நாற்காலி இடுக்கில், குப்பைக் கூடையில் எல்லாம் தேடி, கிடைத்த பிறகு கதவைப் பூட்டுங்கள்.